வலிப்பு வந்தவரைக் காப்போம்

முகாமொன்றில் நிவாரணப் பொருளுக்காக மக்கள் வரிசையில் நின்ற வேளை, இளைஞன் ஒருவன் திடீரெனக் கீழே விழுந்தான். கைகால்கள் வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது. நால்வர் ஓடிவந்து அமுக்கிப் பிடித்தனர். ஒருவர் கையில் திறப்புக் கோர்வையைத் திணித்தார். இன்னொருவர் பற்களுக்கிடையே அகப்பைக் காம்பைச் செருகினார். வலிப்பு அடங்கியபோது ஒரு பல் உடைந்திருந்தது. எல்லோரும் நல்ல மனதோடுதான் செய்தார்கள்; செய்யும் முறையைத்தான் அறிந்திருக்கவில்லை.

இரும்பு கொடுத்ததால் வலிப்பு நின்றது என்றே பலர் நம்பினர். வலிப்பு மூளையில் தோன்றும் ஒரு கோளாறு. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். அதுவரை ஆளைக் காப்பதே நமது வேலை. இது பேயுமல்ல, பாவத்தின் தண்டனையுமல்ல. நுரையைத் தொட்டாலும் தொற்றாது.

மாற்கு நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் ஒரு தந்தை, தம் மகன் நெருப்பிலும் தண்ணீரிலும் விழுவதை இயேசுவிடம் முறையிடுகிறார். இன்றும் நம் கொட்டில்களில் ஆபத்து அவையே: திறந்த அடுப்பும் கட்டில்லாத கிணறும்.

செய்ய வேண்டியவை

1. வலிப்பு தொடங்கிய நேரத்தைப் பாருங்கள்.
2. விளக்கு, கத்தி, மண்வெட்டி போன்றவற்றை அகற்றுங்கள். நெருப்பு, நீர், வீதி அருகே விழுந்திருந்தால் மட்டும் ஆளை அப்பால் நகர்த்துங்கள்.
3. தலையின் கீழ் மடித்த சாரத்தை வையுங்கள். கழுத்துப் பொத்தானைக் கழற்றுங்கள்.
4. இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழியும், மூச்சு அடைக்காது.
5. தெளியும்வரை அருகில் இருங்கள். கூட்டத்தை விலக்குங்கள். உடை நனைந்திருந்தால் துணியால் மூடுங்கள்.

செய்யக் கூடாதவை

கைகால்களை அமுக்க வேண்டாம். வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம். நாக்கை எவரும் விழுங்கிவிடுவதில்லை. நன்கு தெளியுமுன் தண்ணீரோ குளிசையோ கொடுக்க வேண்டாம்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால், தெளியாமலே மீண்டும் வந்தால், மூச்சுவிடச் சிரமப்பட்டால், முதல் தடவையானால், காயப்பட்டால், நீருக்குள் வந்திருந்தால் தாமதிக்க வேண்டாம். கர்ப்பிணியையும் காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தையையும் உடனே கொண்டு செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

குளிசையை விடாதீர்கள்

அந்த இளைஞனின் தாயிடம் பிறகு பேசினோம். குளிசை எடுத்துவந்தவன்தான். ஓடிவந்த அவசரத்தில் அது வீட்டிலேயே கிடந்துவிட்டது. திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னையிலும் கடுமையாக வரலாம். எனவே அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் குளிசையையும் ஒரே பையில் வையுங்கள். தவறிவிட்டால், அண்மையிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் சென்று நடந்ததைச் சொல்லுங்கள். அங்கே சிகிச்சை இலவசம்.

கூடிப் பேசுவோம்

1. நம்மிடையே வலிப்புள்ளவரின் வீட்டு அடுப்புக்கும் கிணற்றுக்கும் தடுப்பு உண்டா? இல்லையெனில் யார் கட்டிக் கொடுப்பது?
2. அவர் கிளினிக்குக்குப் போகும் நாளில் துணைக்குப் போவது யார்?