ஒரே கணக்கை நாலு மொழியில போட்டுப் பாரு

பைத்தான் ஓரளவு கைக்கு வந்தாச்சு, புது வேலையில ஜாவாவும் கோவும் கேக்குறாங்க, எங்க இருந்து தொடங்குறதுன்னு கேட்டியே. புத்தகத்தைப் பிரிச்சு முதல் பாடத்துல இருந்து வராதே. வேரியபிள், ஃபார் லூப்னு தெரிஞ்சதையே திரும்பப் படிச்சா தூக்கம்தான் வரும். உனக்குத் தண்ணிபட்ட பாடா இருக்குற நாலஞ்சு சின்னக் கணக்கை எடு, அதையே புது மொழியில போடு. விடை எங்க மாறுதோ அங்கதான் அந்த மொழியோட குணம் தெரியும்.

"ஹலோ வேர்ல்ட்" இதுக்கு ஆகாது. கம்பைலர் சரியா இன்ஸ்டால் ஆச்சான்னு பார்க்க மட்டும் வெச்சுக்கோ.

முதல்ல ஒரு சொல்லைத் திருப்பிப் போடுற கணக்கு. எல்லாரும் இங்கிலீஷ் சொல்லை வெச்சே சோதிப்பாங்க, எல்லா மொழியும் பாஸ் ஆயிடும். நீ "மல்லிகை"ன்னு குடு. நம்ம கண்ணுக்கு நாலு எழுத்து. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூணும் நீளம் 7ங்கும். யூனிகோட்ல புள்ளி, இகரக் குறி, ஐகாரக் குறி எல்லாம் தனித்தனிக் கணக்கு, அதான். கோ மொழியில லென் போட்டா 21 வரும். அது பைட்டை எண்ணுது, யூடிஎஃப்-8ல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஸ்விஃப்ட்டும் எலிக்சரும்தான் 4ன்னு சொல்லும். திருப்பும்போது இன்னும் கூத்து. பைத்தான்ல வழக்கமான ஸ்லைஸ் போட்டா ஐகாரக் குறி அநாதையா முன்னாடி நிக்கும், "லி"யோட இகரம் போய் ககரத்துல ஒட்டி "கி" ஆயிடும். எலிக்சர் ஒழுங்கா "கைலில்ம"ன்னு தரும். அதுக்காக பைத்தான் மட்டம்னு முடிவு கட்டாதே. ஓப்பன்-தமிழ் நூலகத்தைச் சேர்த்தா எழுத்து எழுத்தாப் பிரிச்சுக் குடுக்கும், ஜாவாஸ்கிரிப்ட்ல இன்ட்ல் செக்மென்ட்டர் இருக்கு. நாளைக்கு ஒரு ஃபார்ம்ல "பேருக்கு 20 எழுத்து"ன்னு வரம்பு வைக்கும்போது, எந்தக் கணக்குல 20ன்னு கேக்கத் தோணும் பாரு, அதுக்குத்தான் இது.

அடுத்தது ஃபேக்டோரியல். 5க்குப் போட்டு நிறுத்தாதே, 13 வரைக்கும் போ. சரியான விடை 622 கோடியே 70 லட்சத்து 20,800. ஜாவாவோட இன்ட் சுமார் 214 கோடியோட நின்னுடும். எரர் காட்டினாத் தேவலை, காட்டாது. 193 கோடியே 20 லட்சத்து 53,504ன்னு நம்புற மாதிரி ஒரு தப்பு எண்ணைக் குடுக்கும். லாங் போட்டா 20 வரைக்கும் தாங்கும், அப்புறம் பிக்இன்டிஜர்தான். பைத்தான்ல பழகின நமக்கு இந்தக் கவலையே இருந்ததில்ல.

கிழமைக் கணக்கும் ஒண்ணு போடு. ஞாயிறு 0, செவ்வாய் 2. செவ்வாய்க்கு மூணு நாள் முன்னாடி என்ன கிழமை? 2லேருந்து 3ஐக் கழிச்சு 7ஆல வகுத்த மீதி. பைத்தான் 6ங்கும், அதாவது சனி. ஜாவா, கோ, சி, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாமே மைனஸ் 1ங்கும். மீதியோட 7ஐக் கூட்டி மறுபடி மீதி எடுக்கணும்.

ஜாவாஸ்கிரிப்ட்ல 10, 9, 1ஐ சும்மா சார்ட் பண்ணினா 1, 10, 9ன்னு வரும். எண்ணை எழுத்தா நினைச்சு வரிசைப்படுத்துது. ஒப்பிடுற ஃபங்ஷனை நாமதான் குடுக்கணும்.

இல்லாத ஃபைலைத் திறக்குற கணக்கை மட்டும் விட்டுடாதே. பைத்தான் ஓடும்போது எக்ஸெப்ஷன் வீசும். ஜாவா அதுக்கு முன்னாடியே, "இதைப் பிடிக்கலேன்னா கம்பைல் பண்ண மாட்டேன்"னு அடம் பிடிக்கும். கோ எரரை இன்னொரு விடையாக் கையில குடுக்கும், நீ "நில்"லான்னு பார்த்துக்கிட்டே போகணும். வரிக்கு வரி இஃப் எழுதுறது எனக்கு எரிச்சல்தான். ஆனா நடுராத்திரி சர்வர் விழுந்தா எங்க விழுந்ததுன்னு தேட அந்த வரிகள்தான் உதவும். அதனால வரியை எண்ணி எந்த மொழி உசத்தின்னு தீர்ப்பு சொல்றதை நான் மதிக்கிறதில்ல.

1998ல வந்த "பெர்ல் குக்புக்"ல இருந்த கணக்குகளையே பலர் வேற வேற மொழியில எழுதி வெச்சாங்க. 2007ல தொடங்கின ரோசெட்டா கோடு இணையதளமும் அதே வழிதான். நீ எழுதி முடிச்சதுக்கு அப்புறம் அதைப் பாரு, முன்னாடி பார்த்தா கை காப்பிதான் அடிக்கும். பைத்தான் விடையில பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி இல்லேன்னா அது பழைய பைத்தான் 2, தள்ளு. ஒரே வரியில வித்தை காட்டின விடையையும் தள்ளு.

ஃபோல்டரை மொழிவாரியாப் போடாதே. கணக்குக்கு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள எல்லா மொழி ஃபைலும் பக்கத்துல பக்கத்துல. கூடவே ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல உள்ளீடும் வரவேண்டிய விடையும், கோடு எழுதுறதுக்கு முன்னாடியே.