ஜாஸ் இசையிற் கிட்டார்ச் சுரக்கூட்டு

பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பித்தல் மேனாட்டிசையின் சிறப்பியல்பாகும். அங்ஙனம் ஒலிக்கும் சுரக்கூட்டினைக் 'கார்டு' என்ப. ஒரு கார்டின் சுரங்களுள் எவற்றைக் கொள்வது, எவற்றை விடுவது, எதனைக் கீழும் எதனை மேலும் நிறுத்துவது என்னும் அமைப்பே 'வாய்சிங்' எனப்படும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரில் வளர்த்த ஜாஸ் இசையைக் கிட்டாரிற் பயில்வார்க்கு இதுவே தலையாய பாடம். இதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

ஜாஸ் கார்டுகள் நான்கும் அதற்கு மேலுமாகிய சுரங்களை உடையன. கிட்டாருக்கோ தந்திகள் ஆறு; அவற்றை அழுத்தும் இடக்கை விரல்கள் நான்கே. ஆதலின் புதிதாய்ப் பயில்வோர் பலர் நூற்றுக்கணக்கான விரல் வடிவங்களைப் படம் பார்த்து மனனம் செய்ய முற்படுகின்றனர். கை ஓரிடத்தினின்று மற்றோரிடத்துக்குத் தாவுகின்றது. செவியோ யாதொன்றும் கற்றிலது.

இன்றியமையாச் சுரங்கள் எவை? அடிச்சுரம் கார்டின் பெயரைத் தரும். மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும் அதன் இயல்பைத் தெரிவிக்கும். ஐந்தாம் சுரம் பெரும்பாலான கார்டுகளுக்குப் பொதுவாகலின், அதனை விடினும் குறையில்லை. இம்மூன்று சுர அமைப்பை 'ஷெல்' என்பர்.

ஜாஸ் பாடல்களில் அடிக்கடி வரும் ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். மேனாட்டார் 'ஸி மேஜர்' என்பது நம் சங்கராபரணத்தின் சுரங்களே. 'ஸி' என்பதை ஸ எனக் கொள்வோமாயின், இத்தொடர் ரி, ப, ஸ என்பவற்றை முறையே அடியாக உடையது.

முதற்கார்டு: ஐந்தாம் தந்தியின் 5ஆம் மெட்டில் ரி, நான்காம் தந்தியின் 3ஆம் மெட்டில் ம, மூன்றாம் தந்தியின் 5ஆம் மெட்டில் ஸ.

இரண்டாவது: ஆறாம் தந்தியின் 3ஆம் மெட்டில் ப. ம அசையாது நிற்கும். ஸ ஒரு மெட்டு இறங்கி நி ஆகும்.

மூன்றாவது: ஐந்தாம் தந்தியின் 3ஆம் மெட்டில் ஸ. நி அசையாது நிற்கும். ம ஒரு மெட்டு இறங்கிக் க ஆகும்.

ஏனைத் தந்திகள் ஒலியாவண்ணம் விரலால் தடுத்தல் வேண்டும். முதற்கார்டில் மூன்றாம் சுரமாயிருந்த ம, இடம் பெயராமலே அடுத்ததில் ஏழாம் சுரமாயிற்று. ஒவ்வொரு மாற்றத்திலும், அடிச்சுரம் ஒழிய, ஒரு சுரமே ஒரு மெட்டளவு நகர்ந்தது. இதனை உணர்ந்தவன் வடிவங்களை மனனம் செய்யான். சுரங்களின் செலவைக் கேட்பான்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. ம, நி ஆகிய இரண்டின் இடைவெளி ஆறு மெட்டு; அஃதாவது ஒரு ஸ்தாயியிற் சரிபாதி. ஆகவே அவ்விரண்டும் வேறோர் அடிச்சுரத்துக்கும் பொருந்தும். இரண்டாவது கார்டில் ப இருந்த இடத்தில், ஐந்தாம் தந்தியின் 4ஆம் மெட்டாகிய சுத்த ரிஷபத்தை வைத்தால், ம மூன்றாவதாகவும் நி ஏழாவதாகவும் மாறும். அடிச்சுரம் 5, 4, 3 என மெட்டுமெட்டாக இறங்கிவரும் அழகினை வாசித்தே அறிக.

இச்சுருக்கத்தின் பெருமைக்குச் சான்று ஃப்ரெடி கிரீன் என்பார். இவர் 1937இல் கவுண்ட் பேஸியின் குழுவிற் சேர்ந்து, 1987இல் மறையுமளவும் ஏறத்தாழ ஐம்பதாண்டு அக்குழுவிற் கிட்டார் வாசித்தார். தனித்து வாசித்தது மிக அரிது. அடிக்கு ஒரு மீட்டாக, அளவிற்கு நான்கு மீட்டுக்களே அவர் பணி. பதிவுகளை ஆராய்ந்தோர், பல இடங்களில் அவர் ஒன்றிரண்டு சுரங்களையே தெளிவுற ஒலிப்பித்தார் என்பர். குழுவில் அடிச்சுரம் பாஸ் வாத்தியத்தினது. மேற்சுரங்கள் பியானோவினுடையவும் ஊதுகருவிகளுடையவும். பிறர்க்குரிய இடத்தைத் தான் அடையாமையே அவர் கலை. ஒரு கிட்டார் ஆறு தந்தியும் அதிர முழங்கின், பலர் வாசிப்பது எவர்க்கும் கேளாதொழியும்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! மேற்கூறிய தொடரை மெதுவாக வாசித்து, நகரும் சுரத்தை வாயாற் பாடிப் பழகுமின். பின்னர், முடிந்த ஸ-வையே புதிய தொடரின் முதலாகக் கொண்டு, அதே வடிவங்களை இரண்டு மெட்டுக் கீழே வாசிமின். கை குறைவாக அசையச் செவி நிறையக் கேட்கும். எதனை விடுவது என்று அறிந்த பின்னரே எதனைச் சேர்ப்பது என்னும் கேள்விக்கு நாம் உரியவராவோம்.