ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள்: மாற்றுமுன் ஒரு கணக்கு

பழைய ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள்களுள் 350 ரகப் புல்லட் நம் நாட்டில் யாவரும் அறிந்தது. சென்னையில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற என்பீல்டு இந்தியா நிறுவனம் இதனைப் பல்லாண்டுகள் பெரிய மாறுதலின்றி உற்பத்தி செய்தமையால், உதிரி உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. இவ்வசதியே பலரை வண்டியை மாற்றியமைக்கத் தூண்டுகிறது. ஸ்பானரை எடுக்குமுன் பென்சிலை எடுப்பது நலம்.

இதன் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒருமுறை செல்லும் தூரம் 90 மில்லிமீட்டர். எனவே கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர் என்பதை மாணவர்களே கண்டறியலாம். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து விட்டத்தை 71 மில்லிமீட்டர் ஆக்கினால் கிடைப்பது 356. ஆதாயம் பத்தே கன சென்டிமீட்டர்! குடைந்தபின் வண்டி வலுப்பெற்றதாகத் தோன்றுவது, பெரும்பாலும் புதிய பிஸ்டனும் வளையங்களும் வாயுக் கசிவைத் தடுத்ததன் பயனேயாகும்.

அமுக்க விகிதத்தைக் கூட்டுவது வேறு செய்தி. விகிதம் 6.5 எனக் கொள்வோம். பிஸ்டன் உச்சியில் நிற்கையில் அதன்மேல் எஞ்சும் இடம் ஏறக்குறைய 63 கன சென்டிமீட்டர். அவ்விடத்தின் உயரத்தை ஒரே மில்லிமீட்டர் குறைத்தால் அது 59 ஆகி, விகிதம் ஏறத்தாழ 6.9 ஆகிவிடும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள வெளியும் குறைகிறது. தீப்பொறி விழும் நேரத்தையும் உடன் சரிபார்க்காவிடில் எஞ்சின் தட்டத் தொடங்கும். தீங்கு அத்துடன் நில்லாது.

நான்கு வீச்சு எஞ்சினில் அச்சு இருமுறை சுழன்றால் ஒருமுறையே விசை பிறக்கிறது. மற்ற மூன்று வீச்சுகளையும் பளுச் சக்கரத்தின் வேகமே நடத்துகிறது. உதைத்துக் கிளப்பும்போது அவ்வேகம் மிகக் குறைவு. பிஸ்டன் உச்சியை எட்டுமுன்பே பொறி விழுந்தால் வாயு அதனைப் பின்னோக்கித் தள்ளும். கிக்கர் ஓட்டுபவரின் காலையே திருப்பி அடிக்கும். கணுக்கால் முறியவும் கூடும். இதற்காகவே பாட்டரியும் காயிலும் உள்ள பழைய புல்லட்டில் ஆம்மீட்டரும், அமுக்கத்தை வெளிவிடும் சிறு லீவரும் அமைந்துள்ளன. விளக்குகளை அணைத்துச் சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்துக. பாயிண்டுகள் மூடியுள்ளபோது முள் இடப்புறம் சாயும். அவை திறந்ததும் நடுவுக்கு வரும். அப்போது லீவரைப் பிடித்துக் கிக்கரைச் சற்றே கீழிறக்கினால் பிஸ்டன் உச்சியைக் கடந்துவிடும். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டுப் பின் முழுவதும் உதைக்க வேண்டும். இம்முறையைப் புறக்கணித்துப் பலத்தையே நம்புவோர் வீணே வியர்ப்பர்.

சைலன்சரை மாற்றுவோர், கலவையில் பெட்ரோல் குறைந்துபோகலாம் என்பதை உணர்தல் வேண்டும். பிளக்கின் முனை வெளிர்பழுப்பாயின் நன்று. வெண்மை பெட்ரோல் குறைவையும், கரி மிகுதியையும் காட்டும்.

வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரிலிருந்து 90 ஆனால், பிரேக் விழுங்க வேண்டிய சக்தி 1.65 மடங்காகும். பழைய டிரம் பிரேக்கோ அதே டிரம்தான். ஆகையால் பணம் செலவிட எண்ணுவோர் முதலில் பிரேக் லைனிங்குகளையும் டயர்களையும் கவனிப்பார்களாக.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றுதல் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதனை வலியுறுத்தியது. பழைய வண்டி வாங்குவோர் எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் சான்றிதழுடன் ஒப்பிட்ட பின்னரே விலை பேசுக.