பச்சை உடம்புக்காரியின் தூக்கம்

பேறுகாலம் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. தங்கைகள் இரண்டு பேருக்கும் நான்தான் பார்த்தேன். சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் போட்டு லேகியம் கிண்டுவது, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது, சேலையில் தொட்டில் கட்டுவது எல்லாம் அத்துப்படி. ஒன்பதாம் மாதம் மகள் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன்.

சிசேரியன். பேரன் மூன்று கிலோ. நாலாம் நாள் மகள் காரணமில்லாமல் அழுதாள். அது எனக்குப் புதிதில்லை. பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மேல் மூணாம் நாள், நாலாம் நாள் வாக்கில் அந்த அழுகை வரும்; இரண்டு வாரத்துக்குள் தானே ஓய்ந்துவிடும். ஓயாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். எங்கள் வீட்டில் பதினாறாம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தோம். வந்தவர்களுக்கு இலை போடும் மும்முரத்தில் நான் நாள் கணக்கை விட்டுவிட்டேன். அழுகை நின்றிருந்தது. கூடவே அவள் பேச்சும் நின்றிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

ஒருநாள் ராத்திரி இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். பேரன் தொட்டிலில் அயர்ந்து தூங்குகிறான். இவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, மேலே கொக்கியில் கட்டியிருந்த சேலை முடிச்சையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“ஏட்டி, படுக்கலையா?”

“முடிச்சு அவுந்துருமோன்னு இருக்கும்மா.”

முடிச்சைப் பிடித்து இழுத்துக் காட்டிவிட்டுப் படுத்துவிட்டேன். மறுநாளும் அப்படியே. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள். கையிலிருந்து நழுவிவிடுவானோ என்று பயமாம்.

பிள்ளை அழுவதால் தாய் தூங்காதது எல்லா வீட்டிலும் உள்ளது. பிள்ளை தூங்கியும் இவளுக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வித்தியாசம் எனக்கு உறைக்கவில்லை. கண் பட்டுவிட்டது என்று கயிறு மந்திரித்துக் கட்டினேன், காந்திமதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அம்மன் மேல் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதில் மூன்று வாரம் போனது.

பிள்ளை பார்க்க வந்தவர்கள் வேறு. “ஆபரேஷன்தானே, வலி தெரியாம பெத்துட்ட” என்றாள் ஒருத்தி. “பால் பத்தலையோ, பிள்ள நோஞ்சானா இருக்கானே” என்றாள் இன்னொருத்தி. நானும் தலையாட்டிக்கொண்டு காபி ஆற்றினேன். இப்போதென்றால் திண்ணையிலேயே காபியைக் கொடுத்து, பிள்ளையை வெளியே கொண்டுவந்து காட்டி அனுப்பிவிடுவேன்.

ஒன்றரை மாத ஊசிக்குப் போனபோது நர்ஸ் பிள்ளையைப் பார்த்த கையோடு மகள் முகத்தையும் பார்த்தார். மனநல மருத்துவரிடம் போகச் சொன்னார். எனக்குப் பகீரென்றது. மனநல ஆஸ்பத்திரி என்றால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சிகிச்சையிலிருக்கும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக்கூடாது என்று 2017-இல் வந்த மனநலச் சட்டமே சொல்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸில் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே வைத்துப் பார்க்கும் வார்டு இருக்கிறது. மகளை எங்கும் சேர்க்கவே வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் முதல் காரியமாக என்னை வெளியே உட்காரச் சொன்னார். எனக்குக் கோபம்தான். பெற்றவளுக்குத் தெரியாத ரகசியம் என்ன? உள்ளே பத்துக் கேள்வி கேட்டிருக்கிறார். 1987-இல் எடின்பரோவில் உண்டாக்கி, இன்று உலகமெங்கும் கேட்கிற கேள்விகள். எல்லாமே கடந்த ஏழு நாளைப் பற்றியவை. கடைசிக் கேள்வி, உன்னையே ஏதாவது செய்துகொள்ளலாம் என்று தோன்றியதா என்பது. ‘எப்போதாவது’ என்று சொல்லியிருக்கிறாள். “நீ பக்கத்துல இருந்திருந்தா இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றாள் பிறகொருநாள். அந்த மர பெஞ்சில் கால்மணி நேரம் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அந்தப் பேறுகாலத்தில் நான் செய்த உருப்படியான காரியம்.

தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் பரிசோதனை எழுதினார். அவையும் இப்படிச் சோர்வைக் கொண்டுவருமாம். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை ஒன்று கொடுத்தார். நான் சண்டைக்குப் போனேன். பாலில் இறங்குவது மிகக் குறைவு, நோயை அப்படியே விடுவதுதான் இருவருக்கும் கெடுதல் என்று பொறுமையாகச் சொன்னார். முதல் வாரம் ஒரு மாற்றமும் இல்லை. நிறுத்திவிடலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. மூன்றாவது வாரம் அவளாகவே தோசை கேட்டாள்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்லி அனுப்பினார். சம்பந்தமில்லாத பேச்சு, காதில் யாரோ கட்டளையிடுவது போலக் குரல், பிள்ளையைப் பற்றி விபரீத நம்பிக்கை இவற்றில் ஏதாவது தெரிந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி. அந்த நிலை ஆயிரத்தில் ஒருத்தி, இரண்டு பேருக்குத்தான் வருமாம். பிரசவமான முதல் இரண்டு வாரத்தில்தான் பெரும்பாலும் வருமாம்.

மாத்திரைக்குச் சமமாக வேலை செய்தது தூக்கம். ராத்திரி பத்து முதல் மூன்று வரை பேரன் என் பொறுப்பு. மகள் பாலைப் பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் சங்கில் ஊற்றிக் கொடுப்பேன். முதல் மூன்று ராத்திரி கதவருகே வந்து நின்றாள். நாலாம் ராத்திரி குறட்டைச் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளைக்குச் சென்னையில் வேலை. போனில் என்ன பேசுவதென்று தெரியாமல் “சாப்பிட்டியா” என்பதோடு நிறுத்திவிடுவார். அவர்தான் 14416-ஐக் கண்டுபிடித்தார். மத்திய அரசின் டெலி மானஸ். காசில்லை, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மனைவிக்காக இல்லை, தன் குழப்பத்தைச் சொல்லத்தான் முதலில் அடித்தாராம்.

யோசித்துப் பார்த்தால் மகளின் இந்த மனச்சோர்வு பிரசவத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. முதலில் ஒன்று கலைந்துபோயிருந்தது. வளையல் அடுக்கிய கையோடு மனையில் உட்கார்ந்து, “இதுவும் தங்காட்டா?” என்று கேட்டவளை, “பிள்ளத்தாச்சி அழக்கூடாது” என்று வாயடைத்தவள் நான்தான். அன்றைக்கே பேசவிட்டிருக்கலாம்.

இப்போது மறுபடி ஆறாம் மாதம். ஒருமுறை வந்தால் அடுத்த பேறுகாலத்திலும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் மூன்றாம் மாதமே டாக்டரிடம் சொல்லியாகிவிட்டது. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள். பத்து முதல் இரண்டு வரை மாப்பிள்ளை, இரண்டு முதல் ஆறு வரை நான். காந்திமதி அம்மனுக்கு இந்தத் தடவையும் நேர்ந்திருக்கிறேன். அதைத் தாளில் எழுதவில்லை.