தோற்களிம்புகளும் நாம் கொள்ளவேண்டிய விழிப்பும்

நம் உடம்பைச் சூழ்ந்து நின்று காக்கும் மதில் தோல் ஆகும். வெயிலும் குளிரும் தூசியும் கிருமியும் முதற்கண் வந்து மோதுவது அம்மதிலின்மீதே. இங்ஙனமாகவும், உள்ளுறுப்புக்களில் நோய் தோன்றின் மருத்துவரை நாடி ஓடும் நாம், தோலில் நோய் தோன்றின் அதனை அற்பமென்று எண்ணி, கடையிற் கிடைக்கும் களிம்பொன்றை வாங்கித் தடவி அமைகின்றோம். இவ்வழக்கம் நன்றோ தீதோ என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

திருப்பூர் மாவட்டத்தில், அமராவதியாற்று நீரால் வளம்பெறும் நிலப்பகுதியில் உள்ளது கணியூர். நெல்லும் கரும்பும் தென்னையும் பேணுவாரும், பனியன் தொழிலாற் பிழைப்பாரும் இப்பக்கத்தில் வாழ்கின்றனர். பஞ்சுத்துகள் பறக்கும் அறையில், வியர்வை வற்றாத இறுகிய உடையோடு நாள்முழுதும் தைப்பார்க்கு இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை எளிதிற் பற்றுகின்றது. சாயப்பட்டறையிலும் சலவைப்பட்டறையிலும் ஈரக்கையோடு நிற்பார்க்கு விரலிடுக்குகள் வெடித்துக் கரப்பான் தோன்றுகின்றது. இரண்டும் அரிக்கும், இரண்டும் சிவக்கும். ஆயினும் முன்னதற்குக் காரணம் காளான் இனத்துக் கிருமி. பின்னதற்குக் காரணம் இரசாயனப் பொருளால் விளைந்த அழற்சி. ஒன்றற்கு அமுதமாகும் மருந்தே மற்றொன்றற்கு நஞ்சாகும்.

நாம் நன்கறிந்த தையற்றொழிலாளர் ஒருவர்க்கு இடுப்பில் வட்டமாகப் படர்தாமரை உண்டாயிற்று. மருத்துவமனைக்குச் சென்றால் ஒருநாட் கூலி போமே என்றஞ்சி, மருந்துக்கடையொன்றில் நோயைச் சொல்லி ஒரு களிம்பு வாங்கினார். மூன்றே நாளில் அரிப்பு நின்றது. நிறுத்தினார், பத்து நாளில் முன்னினும் மிகுதியாக மீண்டது. மறுபடியும் தடவினார். ஆறு திங்கள் சென்றபின் நோய் வயிறும் முதுகும் பரந்தது. மனைவிக்கும் குழந்தைக்கும் தொற்றியது. தொடையிடுக்கில் தோல் மெலிந்து வரிவரியாகக் கிழிந்தாற்போல ஆயிற்று. அக்களிம்பில் இருந்தது யாது? ஸ்டீராய்டு என்னும் மருந்தே.

ஸ்டீராய்டு தன்னளவில் தீய மருந்தன்று. நம் சிறுநீரகங்களின் மேலமர்ந்த சுரப்பிகள் இவ்வினத்துப் பொருளை இயல்பாகவே சுரக்கின்றன. அச்சுரப்பிகளின் சுரப்புப்பொருள்களை ஆராய்ந்தமைக்காகக் கெண்டல், ஹெஞ்ச், ரைஷ்டைன் என்னும் அறிஞர் மூவர் 1950-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றனர். 1952-இல் சுல்ஸ்பர்கர், விட்டன் என்பார் ஹைட்ரோகார்ட்டிசோனைத் தோலின்மேல் தடவிப் பயன் கண்டு வெளியிட்டனர். இம்மருந்து தோலிலுள்ள அழற்சியை அடக்கும், விரிந்த நுண்குழாய்களைச் சுருக்கும், அரிப்பைத் தணிக்கும். கரப்பான், சொரியாசிஸ், ஒவ்வாமையால் வரும் தடிப்பு முதலியவற்றிற்கு மருத்துவர் இதனை அளந்து கொடுப்பின் பெரும்பயன் விளையும். ஸ்டீராய்டு என்னும் பெயர் கேட்ட அளவிலேயே அஞ்சி, மருத்துவர் தந்ததையும் தடவாது விடுதலும் பிழையே.

எனின், தீங்கு எங்கே உளது? அழற்சியை அடக்குங்கால் இம்மருந்து அவ்விடத்து எதிர்ப்பாற்றலையும் உடன் அடக்குகின்றது. படர்தாமரையின் சிவப்பும் அரிப்பும் கிருமியோடு உடல் செய்யும் போரின் குறிகளே. ஸ்டீராய்டு போரை நிறுத்துகின்றது, பகைவனைக் கொல்வதில்லை. அரிப்பு நின்றது கண்டு நாம் மகிழுங்கால், கிருமி தடையின்றிப் பரவுகின்றது. வட்டவடிவமும் சிதைவதால் மருத்துவரும் நோயை எளிதில் அறியார். இவ்வாறு உருமறைந்த படர்தாமரையை ஐவ், மார்க்ஸ் என்பார் 1968-இலேயே எடுத்துரைத்தனர். அண்மைக்காலத்தில், வழக்கமான டெர்பினஃபின் மருந்திற்குப் பெரும்பாலும் கட்டுப்படாத காளான் வகையொன்று நம் நாட்டிற் பரவி, பிறநாடுகளையும் எட்டியுள்ளது. அதற்கு 2020-இல் ‘டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே’ என்று பெயரிட்டனர். நம் நாட்டின் பெயர் ஒரு நோய்க்கிருமியின் பெயரில் அமைந்தமை நாணத்தக்கதன்றோ!

நெடுநாள் தடவுவதால் வரும் கேடுகள் வேறும் உள. தோல் காகிதம்போல் மெலியும், இரத்தநாளங்கள் சிவந்து தோன்றும், அழியாத வரிகள் விழும், நிறம் வெளிறும், முகத்திற் பருவும் மயிரும் மிகும். கண்ணருகே தடவின் கண்ணழுத்த நோயும் கண்புரையும் வரக்கூடும். பரந்த இடத்தில் நெடுங்காலம் தடவின் மருந்து இரத்தத்திற் கலந்து, உடலின் இயற்கைச் சுரப்பையே குன்றச்செய்யும். குழந்தைகட்கு இவ்வபாயம் பெரிது. முகம் வெளுக்கும் என்று நம்பித் தடவுவார் பின்னர் நிறுத்த முயலின் முகம் எரிந்து சிவக்கும். ஆதலின் மருந்துக்கு அடிமையாவர். இந்தியாவில் 12 மருத்துவ நிலையங்களில் முகத்தோல் நோயாளர் 2,926 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், 433 பேர் இம்மருந்துகளை முகத்தில் தடவிவந்தமை தெரியவந்தது.

இனி, ஆன்டிபயாடிக் களிம்புகளைக் குறித்துக் கூறுவாம். முபிரோசின், ஃபூசிடிக் அமிலம், ஃபிராமைசெட்டின், நியோமைசின் முதலியன இவ்வகையின. இவை பாக்டீரியா என்னும் கிருமிகளை ஒடுக்குவன. சிறிதளவு இடத்திற் சீழ்பிடித்த புண்ணிற்கும், சிறுவர்க்கு வரும் பொருக்குப்புண்ணிற்கும் உதவுவன. காளானால் வந்த படர்தாமரைக்கோ, வைரஸால் வந்த அக்கிக்கோ இவற்றால் யாதொரு பயனும் இல்லை. தூய நீரால் கழுவி மூடினால் ஆறிவிடும் சிறு கீறலுக்கும் இவை வேண்டா. காரணமின்றி நெடுநாள் தடவின், மருந்துக்கு அஞ்சாத கிருமிகளே எஞ்சிப் பெருகும். நியோமைசின் சிலர்க்கு ஒவ்வாமையை உண்டாக்கிப் புண்ணை மிகுவிப்பதும் உண்டு. சிவப்பு விரைந்து பரவினும், காய்ச்சல் கண்டாலும் களிம்பை நம்பியிராது மருத்துவரை உடனே அடைதல் வேண்டும்.

நோய் இன்னதென்று அறியாதார்க்கு எல்லாம் தீர்க்கும் ஒரே மருந்து என்று, ஸ்டீராய்டும் ஆன்டிபயாடிக்கும் காளான்கொல்லியும் ஒருங்கு கலந்த களிம்புகள் பல விலையாகிவந்தன. நம் அரசாங்கம் 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் 328 கலவை மருந்துகளைத் தடைசெய்தது. இத்தகைய களிம்புகள் சிலவும் அவற்றுள் அடங்கும். அவ்வாண்டிலேயே 14 ஸ்டீராய்டுக் களிம்பு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலிற் சேர்த்தது. சட்டம் ஏட்டில் உளது. அதனைக் காப்பது வாங்குவோர் கையிலும் உளது.

மருத்துவர் இம்மருந்தைத் தந்தவிடத்துப் பின்வருவனவற்றை நினைவிற் கொள்க. குழாயினின்று சுட்டுவிரலின் நுனிமுதல் முதற்கணுவரை பிதுக்கிய அளவு ஏறக்குறைய அரை கிராம். அது வளர்ந்தோர் கைத்தலம் இரண்டின் அளவான இடத்திற்குப் போதும். குளோபெட்டசால் போன்ற கடுமருந்தைத் தொடர்ந்து இரண்டு வாரத்திற்கு மேலும், வாரத்திற்கு 50 கிராமுக்கு மேலும் தடவலாகாது. முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய மெல்லிய இடங்களில் கடுமருந்து ஆகாது. ஒருவர்க்குத் தந்த களிம்பை மற்றொருவர் தடவுதல் கூடாது. நெடுநாள் தடவியவர் திடீரென நிறுத்தாது மருத்துவரைக் கேட்டே குறைத்தல் வேண்டும். படர்தாமரையாயின், காளான்கொல்லி மருந்தை மருத்துவர் குறித்த நாள்வரை, நோய் மறைந்தபின்னும் விடாது தடவுக. வீட்டில் நோயுற்றார் அனைவரும் ஒருங்கே மருந்து கொள்க. துணிகளை வெந்நீரில் தோய்த்து வெயிலில் உலர்த்துக. வெளிறிய தேமலில் தொடுவுணர்ச்சி குன்றியிருப்பின் அது தொழுநோயாகவும் இருக்கலாம். களிம்பு தடவிக் காலம் போக்காது அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தை அடைக. ஆங்கு அதற்குரிய மருந்து இலவசமாகவே கிடைக்கும்.

முற்கூறிய தொழிலாளர் இறுதியில் மருத்துவரை அடைந்தார். குடும்பத்தார் மூவரும் பல வாரம் மருந்து கொண்டு நோய் நீங்கினர். தொடையில் விழுந்த வரிகளோ நீங்கவில்லை. ஒருநாட் கூலியைக் காக்க எண்ணியவர் பலநாட் கூலியை இழந்தார். அவர்பாற் குற்றம் காண்பது முறையன்று. அக்குழாயின்மேல் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் மிக நுண்ணிய எழுத்தால் அச்சிடப்பட்டிருந்தது. அவரால் அதனைப் படிக்க இயலவில்லை. நம்மால் இயலும்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் நம் வீட்டு அலமாரியிலுள்ள களிம்புக் குழாய்களை எடுத்துப் படிப்போம். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்னும் பெயர்கள் காணின், இது யார் தந்தது, எதற்குத் தந்தது, எத்தனை நாளாயிற்று என்று கேட்போம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்மவர் பழமொழி. கற்ற கல்வி அயலார் ஒருவர் தோலையேனும் காக்குமாயின், அக்கல்வி பயனுடைத்து என்க.