நிரல் திருத்தியும் தமிழ் எழுத்தும்

பெங்களூரு அல்சூர் ஏரியின் அருகே திருவள்ளுவர் சிலை ஒன்று உள்ளது. 1991ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அச்சிலை, பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமலே இருந்தது. 2009 ஆகஸ்டு 9ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. நான்கு நாள்களுக்குப் பின், கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. வள்ளுவர் ஈரடியில் பாடினார். சர்வக்ஞர் மூவடியில் பாடினார்.

இவ்விரு சிலைகளைப் பற்றிப் பெங்களூருவில் பயிலும் மாணவி ஒருத்தி வலைப்பக்கம் எழுத விரும்புகிறாள் எனக் கொள்க. செய்திகள் தமிழில் அமைய வேண்டும். கவிஞர் இருவரின் பெயர்களும் தமிழ், கன்னடம் ஆகிய இரண்டு எழுத்துகளிலும் இடம்பெற வேண்டும். சேலத்தில் வாழும் பாட்டி அதனைக் கைப்பேசியில் படிக்க வேண்டும். அடுத்த வீட்டுக் கன்னடத் தோழியும் படிக்க வேண்டும். இதற்கு முதலில் வேண்டுவது பொருத்தமான எழுதுகருவி. அக்கருவியே நிரல் திருத்தி. அதனைக் கோட் எடிட்டர் என்றும் வழங்குவர்.

சொற்செயலி ஏன் உதவாது?

கடிதம் எழுதப் பயன்படும் சொற்செயலி, எழுத்துகளோடு அவற்றின் அளவு, நிறம் முதலிய செய்திகளையும் கோப்பினுள் சேர்த்துவிடுகிறது. நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாகவும் தானே மாற்றுகிறது. எச்டிஎம்எல் நிரலில் பண்புகளைச் சுற்றி நேரான மேற்கோள் குறியே வர வேண்டும். வளைந்த குறி வந்தால் உலாவி அதனை மேற்கோள் குறியாகக் கொள்ளாது, பக்கம் பிழைபடும்.

நிரல் திருத்தியோ தட்டச்சு செய்ததை மட்டுமே சேமிக்கிறது. குறிச்சொற்களை ஒரு நிறத்திலும் உரையை வேறொரு நிறத்திலும் திரையில் காட்டுகிறது. இந்நிறங்கள் கோப்பில் சேர்வதில்லை. எழுதுபவரின் கண்ணுக்கு உதவுவதற்காகவே உள்ளன.

திருத்தியைத் தேர்ந்தெடுத்தல்

பிராம் மூலனார் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட விம், மிகக் குறைந்த நினைவகத்தில் இயங்கும். ஆயினும் அதன் கட்டளைகளைப் பழகுவதற்கு நாள்கள் பல ஆகும். 2003ஆம் ஆண்டில் வெளிவந்த நோட்பேட் பிளஸ் பிளஸ் எளிமையானது. ஆனால் விண்டோசுக்கு மட்டுமே உரியது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய விஷுவல் ஸ்டுடியோ கோட், விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்கும். நினைவகத்தை மிகுதியாக எடுத்துக்கொள்ளும். இம்மூன்றையும் பணம் கொடுக்காமலே பெறலாம்.

பழைய கணினி உடையவருக்கு எளிய திருத்தி ஏற்றது. வீட்டில் விண்டோசும் பள்ளியில் லினக்சும் பயன்படுத்துபவருக்கு இரண்டிலும் இயங்கும் திருத்தி ஏற்றது. எதைத் தேர்ந்தாலும், அதில் தமிழ் வரி ஒன்றைத் தட்டச்சு செய்து பார்ப்பது முதற்கடமை. 'கொ', 'கௌ' போன்ற எழுத்துகள் சிதையாமல் தோன்றுகின்றனவா என நோக்க வேண்டும்.

எழுத்தைக் காக்கும் அமைப்பு

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். முற்காலத்தில் தமிழுக்குப் பயன்பட்ட டிஸ்கி போன்ற குறியாக்கங்களில் 256 இடங்களே இருந்தன. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் உரியன; எஞ்சியவற்றில் தமிழ் அமைந்தது. கன்னடத்துக்கு அங்கு இடமில்லை. ஆதலால் அத்தகைய கோப்பு ஒன்றில் தமிழையும் கன்னடத்தையும் சேர்த்து எழுத இயலாது. பண்டைத் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுவதற்காக 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டமும் அக்காலக் குறியாக்கங்களைப் பயன்படுத்திப் பின்னாளில் ஒருங்குறிக்கு மாறியது.

ஒருங்குறி ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தருகிறது. தமிழ் 'க'வின் எண் 2965. கன்னட 'க'வின் எண் 3221. இவ்விரண்டுக்கும் இடைவெளி 256. தமிழ் 'ம'வின் எண் 2990. கன்னட 'ம'வுக்கும் அதே இடைவெளிதான். இரு மொழிகளும் வெவ்வேறு தெருக்களில் ஒரே வரிசையில் கட்டப்பட்ட வீடுகளைப் போல ஒருங்குறியில் வாழ்கின்றன.

இவ்வெண்களைக் கோப்பில் எழுதும் முறைகளுள் ஒன்று யூடிஎஃப்-8. கென் தாம்சன், ராப் பைக் ஆகிய இருவரும் 1992ஆம் ஆண்டில் இதனை வகுத்தனர். இம்முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு இடம் பெறும். 'தமிழ்' என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. கணினியோ அதனை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகக் கொண்டு 15 பைட்டில் சேமிக்கும்.

குறியாக்கம் தவறினால் இருவகைக் கேடுகள் நேரும். யூடிஎஃப்-8 கோப்பை வேறொரு குறியாக்கத்தில் திறந்தால் பொருளற்ற அயற்குறிகள் தோன்றும். இது தீரக்கூடிய கேடு. சரியான குறியாக்கத்தில் மீண்டும் திறந்தால் தமிழ் திரும்பிவிடும். தமிழ்க் கோப்பை ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய குறியாக்கத்தில் சேமித்தாலோ, எழுத்துகள் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் நிற்கும். எந்தக் கேள்விக்குறி எந்த எழுத்துக்கு உரியது என்பது அக்கோப்பில் எங்கும் இராது. வேறு படி இல்லையெனில், எழுதியது எழுதியவருக்கே கிடைக்காமல் போகும்.

ஆகவே, திருத்தியின் கீழ்ப்பட்டையில் யூடிஎஃப்-8 என்னும் சொல் காணப்படுகிறதா என்று எழுதத் தொடங்கும் முன்னரே பார்க்க வேண்டும். பக்கத்தின் தலைப்பகுதியில் மெட்டா என்னும் குறிச்சொல்லிலும் அதே பெயரைக் குறிப்பிட வேண்டும். முன்னது கோப்பு எழுதப்படும் முறை. பின்னது அம்முறையை உலாவிக்கு அறிவிப்பது. இரண்டும் ஒத்திருந்தால்தான் சேலத்துப் பாட்டியின் கைப்பேசியில் தமிழ் தமிழாகத் தோன்றும்.

பிற அமைப்புகள்

அடுத்து எழுத்துருவை அமைக்க வேண்டும். நிரலுக்கான எழுத்துருக்கள் பலவற்றில் தமிழ் வடிவங்கள் இல்லை. எனவே நிரல் எழுத்துருவின் பெயருக்குப் பின் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவின் பெயரைச் சேர்க்கலாம். வரி இடைவெளியைச் சற்றுக் கூட்டினால் மேலும் கீழும் நீளும் குறிகள் தெளிவாகத் தெரியும். நீண்ட பத்திகள் திரைக்கு வெளியே ஓடாமல் இருக்க, வரி மடிப்பை இயக்க வேண்டும்.

பக்கத்தின் மொழியையும் அறிவிக்க வேண்டும். லாங் என்னும் பண்பில் தமிழுக்கு 'டிஏ', கன்னடத்துக்குக் 'கேஎன்' என்னும் ஆங்கிலச் சுருக்கங்கள் வழங்கப்படுகின்றன. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைபடிப்பான், இவ்வறிவிப்பைக் கொண்டே எம்மொழி ஒலிப்பில் படிப்பது எனத் தெரிந்துகொள்கிறது.

நீட்சிகள் திருத்திக்குப் புதிய திறன்களைத் தருகின்றன. ஆனால் அவை பிறர் எழுதிய நிரல்கள். கணினியில் உள்ள கோப்புகளை அணுக வல்லவை. எனவே வெளியிட்டவர் யார் என அறிந்து, தேவையானவற்றை மட்டும் நிறுவுவதே நன்று.

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. தமிழ்க் குறி ஒன்று யூடிஎஃப்-8 முறையில் ______ பைட்டு இடம் பெறும்.
2. கன்னட 'ம'வின் ஒருங்குறி எண் ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. வலைப்பக்கம் எழுதச் சொற்செயலி ஏன் ஏற்றதன்று?
2. குறியாக்கத் தவறுகளுள் எது தீராத கேடு? ஏன்?

இ. செயல்பாடு.
'வள்ளுவர்' என்னும் சொல்லில் உள்ள எழுத்துகளையும் குறிகளையும் தனித்தனியே எண்ணுக. அச்சொல்லை மட்டும் நிரல் திருத்தியில் தட்டச்சு செய்து சேமித்து, கோப்பின் அளவோடு ஒப்பிடுக.