சீம்பால்

பிறந்த கன்றிடம் நோயை எதிர்க்கும் ஆற்றல் மிகக் குறைவு. தாயின் கருப்பையில் இருக்கும்போது அதற்கு நோய் எதிர்ப்புப் பொருள்கள் கிடைப்பதில்லை. ஈன்றவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலே அவற்றைத் தருகிறது. கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் அப்பொருள்களை நன்கு உறிஞ்சும். ஏறத்தாழ 24 மணி நேரத்தில் அத்திறன் நின்றுவிடும். 

தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில், பசுவின் நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைப் பால் குடிக்க விடமாட்டார்கள். கொடி விழப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை காத்திருக்கும் கன்று, தனக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பை இழக்கிறது. மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்து, தொப்புள்கொடியில் அயோடின் தடவியதும் கன்றை மடியருகே கொண்டுசெல்ல வேண்டும். 30 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் ஏறத்தாழ 3 லிட்டர் தேவை. சீம்பாலில் இனிப்புச் செய்ய விரும்புவோர், கன்று குடித்து மிஞ்சியதையே கறக்க வேண்டும்.